பூட்டுக்காரர் பையைக் கொடுத்த நாள்

காவல் நிலையத்தில் அவருக்குச் 'சட்டப்புத்தகம்' என்று பட்டப்பெயர். தெருவுக்கு அவர் வெறும் பூட்டுக்காரர்தான். ஐம்பத்தொன்பது வயது, ஒல்லி, வெள்ளைத் தாடி, தோளில் ஒரு கித்தான் பை. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் முழிக்கிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவது தொழில். பைக்குள் வளைந்த கம்பிகள், உளி, சின்ன ரம்பம், துளை போடும் மெஷின். திருடன் வைத்திருக்கும் சாமான் எல்லாம் அதில் உண்டு, திருட்டுப் புத்தி ஒன்றைத் தவிர.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பஸ் நிலையத்தில் ஒரு காவலர், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தப் பையை வாங்கித் தரையில் கொட்டினார். அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தார்கள். தினமும் வணக்கம் சொல்கிற பேப்பர்க் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனுஷர் கூனிக் குறுகிப் போனார். வீட்டுக்கு வந்ததும் புகார் எழுதினார். சும்மா விடுகிற ஆள் இல்லை. மேலதிகாரி அலுவலகத்துக்கு ஏழு தடவை நடையாய் நடந்தார். கடைசியில் விசாரணை வந்தது. அந்தக் காவலருக்கு நல்ல டோஸ் விழுந்தது. நிலையத்தில் எல்லோருக்கும் விதிகளை அச்சடித்த அட்டை கொடுத்தார்கள். ஒருவரை நிறுத்திச் சோதிப்பதற்கு முன்னால் காவலர் தன் எண், நிலையம், என்ன சந்தேகம், எந்தப் பொருளைத் தேடுகிறோம் என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். முடிந்ததும் கையெழுத்துப் போட்டுச் சீட்டுத் தர வேண்டும். புது விதி ஒன்றும் இல்லை. முன்பே இருந்ததுதான், யாரும் சட்டை செய்யவில்லை.

அதன்பிறகு அவரை எட்டு தடவை நிறுத்தினார்கள். எட்டு தடவையும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அட்டையில இருக்கறத முழுசா சொல்லுங்க" என்றார். ஒரு வரி விட்டால் முதலிலிருந்து சொல்ல வைத்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல" என்பார். அதுவும் விதிதான். "உங்களுக்கு வேற பொழப்பே இல்லையா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். உள்ளதைச் சொன்னால், அவருக்கு அதில் ஒரு ருசி தட்டிவிட்டிருந்தது.

அன்று காலை பதினோரு மணிக்கு மகள் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, குப்பை போட வெளிய வந்தேன், காத்துல கதவு சாத்திக்கிச்சு. குட்டி உள்ள இருக்கா. அடுப்பு எரியுதுப்பா!"

குட்டிக்கு இரண்டு வயது. வீடு மூன்றாவது மாடி. தீயணைப்பு வண்டி வர இன்னும் அரைமணி நேரம் ஆகுமாம். கதவு இரும்பு. சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்கிற அந்தப் பூட்டை வாங்கி மாட்டியதே அவர்தான். "இத எவனாலயும் திறக்க முடியாது" என்று மருமகனிடம் பீற்றிக்கொண்டதும் அவர்தான். மாற்றுச் சாவி மருமகனிடம், மருமகனோ ஊரின் மறுகோடியில் வேலையில். இவரிடம் நகல் சாவி கிடையாது. அடுத்தவர் வீட்டுச் சாவியை ஒரு பூட்டுக்காரன் வைத்திருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. மகள் வீடும் அடுத்தவர் வீடுதான் என்று விறைப்பாக இருந்துவிட்டார்.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நாலு தெரு தாண்ட வேண்டும். மூன்றாவது தெருவில், "சார், நில்லுங்க!" என்று ஒரு குரல்.

வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரமே ஆன இளம்பெண் காவலர். அன்று காலையில்தான் அந்தத் தெருவில் ஒரு வீட்டை உடைத்துத் திருடியிருந்தார்கள். இரும்பு கலகலக்கும் பையோடு ஒருவர் தலைதெறிக்க ஓடினால் யார்தான் நிறுத்தமாட்டார்கள்? கிட்டே வந்து தாடியையும் பையையும் பார்த்ததும் அவளுக்கு ஆள் யாரென்று விளங்கிவிட்டது. முகம் வெளுத்துப்போய் அட்டையை வெளியே எடுத்தாள்.

"வணக்கம். நான் இந்தப் பகுதி காவல் நிலையத்தைச் சேர்ந்த..."

"அதெல்லாம் வேணாம்மா! பையத் திறந்து பாத்துக்கோ, சீட்டும் வேணாம், ஆள விடு. பேத்தி வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கா!"

"இல்ல சார், முழுசா சொல்லணும். ஒரு வரி விட்டாலும் நீங்க எழுதிப் போட்டுடுவீங்க."

"சத்தியமா போடமாட்டேன்மா!"

"இப்படியெல்லாம் சொல்லிப் பார்ப்பீங்க, அசந்துடாதேன்னு ஸ்டேஷன்ல சொல்லியிருக்காங்க சார்."

அட்டை அவள் கையில் நடுங்கியது. விட்ட இடம் தெரியாமல் மறுபடியும் "வணக்கம்" என்று ஆரம்பித்தாள். பூட்டுக்காரர் தெருக்கோடியைப் பார்த்தார். ஊரைத் திருத்தப் போய்த் தன் காலையே கட்டிப் போட்டுக்கொண்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஓடினால் தப்பி ஓடுகிறவன் ஆகிவிடுவார். நின்றால் அங்கே அடுப்பு எரிகிறது.

அப்போதுதான் அட்டையின் பின்பக்கம் நினைவுக்கு வந்தது. நிறுத்தப்பட்டவர் சொல்லும் விளக்கத்தில் சந்தேகம் தீர்ந்துவிட்டால் சோதனை கூடாது, உடனே விட்டுவிட வேண்டும். மூன்று வருஷத்தில் அந்த வரியை அவர் ஒரு தடவைகூடப் பயன்படுத்தியதில்லை. விளக்கம் சொன்னால்தானே!

"அட்டையத் திருப்பும்மா. நாலாவது வரி. என்னைக் கேள்வி கேளு, பதில் சொல்றேன்."

அவள் திருப்பிப் படித்தாள். நிமிர்ந்தாள். "எங்க போறீங்க?"

"பொண்ணு வீட்டுக்கு. இந்தா, நீயே பேசு." மகள் கூப்பிட்ட எண்ணை அழுத்திப் போனை அவள் கையில் திணித்தார்.

மறுமுனையில் மகளின் அலறல். அதற்கும் பின்னால், கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு குழந்தையின் அழுகை. காவலர் அட்டையைச் சட்டைப்பையில் போட்டாள்.

"சந்தேகம் தீர்ந்துச்சு சார். ஓடுங்க!"

சொன்னவள் தானும் கூட ஓடினாள். இரண்டாவது மாடியில் அவருக்கு மூச்சு முட்டியது. "பையைக் கொடுங்க சார்" என்று கை நீட்டினாள். மறு பேச்சில்லாமல் கொடுத்தார்.

கதவிடுக்கில் கருகல் வாசனை வந்தது. மண்டியிட்டு உட்கார்ந்தார். "மெல்லிசு கம்பிய எடு. அதில்ல, நுனி வளைஞ்சது. இன்னும் அடியில பாரு." எட்டுக் காவலர்களும் பார்க்காத மூலைமுடுக்கிலெல்லாம் அவள் துழாவித் துழாவி எடுத்துக் கொடுத்தாள். எவனாலும் திறக்க முடியாத பூட்டு ஆறாவது நிமிஷம் திறந்துகொண்டது.

பாத்திரம் வற்றிக் கறுத்திருந்தது. அறை முழுக்கப் புகை. காவலர் அடுப்பை அணைத்து ஜன்னல்களைத் திறந்தாள். குட்டி மேஜைக்கடியில் அம்மாவின் செருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. "தாத்தா, கதவு கெட்ட கதவு" என்றாள். மகள் சிரித்துக்கொண்டே அழுதாள். பூட்டுக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டு அவரும் அழுதார். எத்தனையோ கதவு திறந்திருக்கிறார், இப்படி ஒரு நிம்மதி எந்தக் கதவும் கொடுத்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் காவலர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவள் கையில் டம்ளர் ஆடியது.

"அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே, இன்னும் என்னம்மா நடுக்கம்? குழந்தைக்காகப் பயந்துட்டியா?"

"அது அப்புறம் சார். முதல்ல உங்களப் பாத்துத்தான். வேலைக்கு வந்ததுலேர்ந்து, வெள்ளத் தாடியோட யாராவது எதிர்ல வந்தாலே எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது."

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்கும் அப்படித்தாம்மா. உங்க காக்கிச் சட்டையப் பாத்தாலே வேர்த்துடும். அது வெளிய தெரியக் கூடாதுன்னுதான் அந்த வாய்ச்சவடாலெல்லாம்."

"இப்பவுமா சார்?"

"நீ படிக்கட்டுல பையக் கேட்ட வரைக்கும்."