பேரில் சூடு

சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சூடாமணி காப்பியை உடனே குடிக்க மாட்டாள். டம்ளரை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, அடுக்களைச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். ஆறிய பிறகுதான் குடிப்பாள். ஸ்ரீவராகம் தெருவில் இந்த வீட்டுக்கு நான் வாழ வந்த நாள் முதலாகப் பார்க்கிறேன்.

அவள் என் கணவரின் தங்கை. கோட்டைக்குள் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திரம் சொல்லிக்கொடுக்கிறாள். வகுப்பு நிறையப் பிள்ளைகள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிடும். சிரிக்கத் தெம்பு இருக்காது. இந்த மலையாளத்து ஊரில் பெண் வாத்தியாரையும் ஸார் என்றுதான் கூப்பிடுவார்கள். பூமியின் இரண்டு முனைகளிலும் பனி மூடிக் கிடக்கும் பிரதேசத்துக்குச் சீதமண்டலம் என்று பெயர் என அவள் பாடம் நடத்திய வாரமே, "பேரில் சூடு, ஸார் சீதமண்டலம்" என்று பிள்ளைகள் பாட்டுக் கட்டிவிட்டார்கள். என்னிடம் சொல்லும்போது அவளே கொஞ்சம் சிரித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் நாகர்கோவிலிலிருந்து வரன் வந்தது. பையன் நாகேஸ்வரன் கோர்ட்டில் குமாஸ்தா. ஜாதகம் பொருந்திவிட்டது. பையனின் அம்மா சுப்புலக்ஷ்மி மாமி பெண்ணைப் பார்க்க வருவதாக இருந்தது.

"இது முடிஞ்சுடணும், மன்னி. மத்தியானத்திலே ஒரு நாளாவது காலை நீட்டிப் படுக்கணும்" என்றாள் சூடாமணி.

மாமி வந்தார். நமஸ்காரம் ஆயிற்று. காப்பி கொடுத்தேன். அந்நேரம் பார்த்து, வாசலில் போன இரண்டு பிள்ளைகள் அந்தப் பாட்டை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே ஓடின.

மாமியின் முகம் மாறிவிட்டது. எங்கள் தெருக்களில் சீத உடம்பு என்றால் கர்ப்பம் தங்காத உடம்பு என்று அர்த்தம். அது பள்ளிக்கூடத்து வார்த்தை என்று நான் கதவோரம் நின்று சொன்னேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நான் மூன்றாம் கிளாஸோடு நின்றவள். மேற்கொண்டு விளக்கவும் தெரியவில்லை. மாமி சூடாமணியையே கேட்டார். அவள் வகுப்பில் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். துருவத்தை ஒட்டின தேசம், வருஷத்தில் பாதி நாள் சரியாக வெயில் வராது என்றாள்.

"அங்கே ஏதாவது விளையுமோடி, குழந்தே?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"பாசி மாதிரி ஏதோ படரும், மாமி. நெல்லெல்லாம் விளையாது."

மாமி மீதிக் காப்பியைக் குடிக்கவில்லை. ஊருக்குப் போய்த் தகவல் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தகவல் வரவில்லை. நாகேஸ்வரனுக்குச் சுசீந்திரத்தில் பெண் எடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அதற்கப்புறம் வந்த இரண்டு இடங்களும் அந்தப் பேச்சு காதில் விழுந்து நின்றுபோயின. என் கணவரும் அலைவதை விட்டுவிட்டார்.

சூடாமணி இப்போதும் அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறாள். சீதமண்டலப் பாடத்தையும் வருஷா வருஷம் அவள்தான் நடத்துகிறாள்.