மடுல்சீமையில் ஒரு மணித்தியாலம்

என் பெயர் குலசேகரம். ஆபிரிக்காவின் தேயிலை நாடுகளுக்கு மென்பொருள் எழுதும் இளைஞர்களைப் பயிற்றுவிப்பது என் தொழில். எங்கள் நிறுவனத்தின் தலைமையகம் நைரோபியில் இருக்கிறது, கிளை கொழும்பில். கென்யா, மலாவி, ருவாண்டா ஆகிய நாடுகளைச் சேர்ந்த இருபது பேரும், தேயிலையோடு வளர்ந்தவர்கள் என்பதற்காக இலங்கையில் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வரும் ஒரே இணைய வகுப்பில் ஒன்பது மாதம் படிக்கிறார்கள். சிறு தோட்டக்காரர் தாம் கொடுத்த கொழுந்தின் எடையைத் தம் கைத்தொலைபேசியிலேயே பார்க்க உதவும் செயலிதான் அவர்களுடைய பயிற்சி வேலை. படிப்பை முடித்தவருக்கு நிறுவனத்திலேயே உத்தியோகம். அந்த நால்வரில் ஒருவரான தர்ஷினியை வகுப்பிலிருந்து நீக்குவதா இல்லையா என்று நேரில் விசாரிப்பதற்காகவே இந்த வாரம் மடுல்சீமைக்குச் சென்றேன். அந்தப் பக்கம் போக எண்ணியிருப்பவர்களுக்கு வழி விவரங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். அழகை வருணிக்கும் மனநிலையில் நான் இல்லை.

விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பு நைரோபி நேரம் காலை ஒன்பதுக்குத் தொடங்கும். நமக்கு அது முற்பகல் பதினொன்றரை. பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாமதித்து வருபவர் அன்று வராதவராகவே கொள்ளப்படுவார். வரவு நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே இறங்கினால் அவர் நீக்கப்படுவார். இந்த விதியை எழுதியவன் நான். மலாவியில் ஒரு மாணவர் தம் ஊரில் மின்சாரம் இல்லாததால் ஆறு கிலோமீற்றர் சைக்கிள் மிதித்துச் சந்தைக்கு வந்து வகுப்பில் உட்காருகிறார். அவர் நேரத்துக்கு வரும்போது மற்றவர் தாமதிப்பது அவரை அவமதிப்பதாகும் என்பதே என் நியாயம். தர்ஷினியோ ஐந்து வாரமாக ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரை மணிக்குத்தான் வந்துகொண்டிருந்தார். நான் புறப்பட்டபோது அவருக்கு இன்னும் மூன்று நாள் மட்டுமே மிச்சம். நான்காவது நாள், அதாவது வரும் திங்கட்கிழமை, அவர் எல்லைக்குக் கீழே போய்விடுவார். காரணம் கேட்டு அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் "வீட்டுப் பிரச்சினை சேர்" என்ற ஒரே பதில்தான் வந்தது.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் கொழும்பு புறக்கோட்டையில் பதுளை பஸ்ஸில் ஏறினேன். கட்டணம் தொள்ளாயிரத்து எண்பது ரூபா. முன் இருக்கை வேண்டுமானால் அரை மணித்தியாலம் முன்னதாகவே சென்றுவிடுங்கள். பலாங்கொடை தாண்டியதும் வளைவுகள் தொடங்குகின்றன. வயிறு பலவீனமானவர்கள் காலை உணவைத் தவிர்ப்பது நலம். பெரகலைச் சந்தியில் தேநீருக்காகப் பதினைந்து நிமிடம் நிறுத்துகிறார்கள். தேயிலை மலைகளின் நடுவே நின்று, பால்மா மிகுந்து தேயிலையின் வாசமே இல்லாத தேநீரை நூற்று இருபது ரூபாவுக்குக் குடித்தேன். பகல் ஒன்றே முக்காலுக்குப் பதுளை. பஸ் நிலையத்துக்கு அருகிலேயே சுத்தமான தனி அறை நான்காயிரத்து ஐந்நூறு ரூபாவுக்குக் கிடைத்தது.

மறுநாள் காலை எட்டரைக்கு முச்சக்கரவண்டி ஒன்றைப் பேசிக்கொண்டேன். சாரதி நிஸ்தார், பதுளைக் கடைவீதியில் பிறந்து வளர்ந்தவர்; அவர் பேச்சில் 'இருக்கு' என்பது 'ஈக்கி' ஆகும். போக வர, காத்திருப்பும் சேர்த்து ஏழாயிரம் ரூபா. பேரம் பேசி ஐந்நூறு ரூபா குறைத்ததில் அவருக்கு வருத்தமில்லை. சுற்றுலாக்காரர் பார்க்கப் போகும் மலைவிளிம்புக்கு நான் போகவில்லை என்பதில்தான் வருத்தம்.

"மடுல்சீமைக்குப் போறவங்க எல்லாரும் மினி வேர்ல்ட்ஸ் எண்ட்தான் போறது. நீங்க மட்டும் தோட்டத்து லயத்துக்குப் போறீங்க. லயத்துல என்ன சேர் ஈக்கி பார்க்க?"

"ஒரு மாணவியைச் சந்திக்க வேண்டும்."

"டியூசனா?"

"ஆபிரிக்காவுக்கு மென்பொருள் எழுதக் கற்பிக்கிறோம்."

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "ஆபிரிக்காவுக்கு இங்க ஈந்தா? அப்ப சேர், இந்த ரோட்டுக்கும் ஒரு மென்பொருள் எழுதிக் குடுங்களேன்."

பசறை வரை வீதி நன்றாகவே இருந்தது. பசறையில் லுணுகலைப் பக்கம் நேரே செல்லும் வீதியை விட்டு, மடுல்சீமைக்குத் திரும்பிய பிறகுதான் அவருடைய வேண்டுகோளின் நியாயம் எனக்குப் புரிந்தது. "ரோட்டுல குழி இல்ல சேர். குழிக்குள்ள கொஞ்சம் ரோட்டு ஈக்கி" என்றார். அது மிகை அன்று. பதுளையிலிருந்து மடுல்சீமை நகரம் வரை அவருடைய மீற்றரில் முப்பத்தெட்டுக் கிலோமீற்றர்; அதற்கப்பால் தோட்டத்துப் பாதையில் மேலும் ஐந்து. அந்தக் கடைசி ஐந்துக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. வழியில் நோயாளி ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து நால்வர் சுமந்து இறங்கினார்கள். நிஸ்தார் வண்டியை ஓரங்கட்டி வழிவிட்டார்.

தர்ஷினியின் வீடு பன்னிரண்டு தொழிலாளர் அறைகளை ஒரே வரிசையில் கொண்ட லயத்தில் ஏழாவது. தாயார் பார்வதி வாசலில் ஒரு காலை நீட்டிப் பலகையில் உட்கார்ந்திருந்தார். ஐந்து வாரத்துக்கு முன் கொழுந்துக் கூடையோடு மழையில் சறுக்கி இடுப்பு எலும்பில் வெடிப்பு. மூன்று மாதம் எழுந்து நடக்கக் கூடாதென்று பதுளை ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள்.

"வாங்க சேர், வாங்க. நாற்காலில உக்காருங்க. ஒன்னுதான் இருக்கு, அதுல எம்புள்ளதான் உக்காந்து படிக்கும். நீங்க அதுக்கு வாத்தியாருங்கறதால தாறேன்."

தர்ஷினி எங்கே என்று கேட்டேன்.

"எங்க போவும்? மலைக்குத்தான். ஆப்பிரிக்காக்காரங்களுக்குக் கொழுந்து நிறுக்க போன்ல சொல்லிக் குடுக்குதாமே! இங்க நம்ம கொழுந்த ஒழுங்கா நிறுக்க ஒரு நாதியும் இல்ல." சிரித்தார், சிரித்ததில் இடுப்பு வலித்தது போலும், பல்லைக் கடித்துக்கொண்டார்.

மகள் மலைக்குப் போக வேண்டிய அவசியத்தை நான் விசாரித்தபோது அவருக்கு என் அறியாமை வியப்பளித்தது. "பெரட்டுல நிக்க ஆள் வேணுமே சேர். இந்த வீட்டுல இருந்து யாராச்சும் ஒருத்தர் வேலைக்கு நிக்கணும். இல்லேன்னா அறைய வேற குடும்பத்துக்குக் குடுத்துருவாங்க. நான் விழுந்த மறுநாளே தோட்டத்து ஐயா கேட்டு அனுப்பிட்டாரு. அதுக்கு மறுநாள் எம்புள்ள கூடையத் தூக்கிட்டுப் போயிருச்சி."

பெரட்டு என்பது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். இந்தத் தோட்டத்தில் வீடு என்பது வேலையின் வால். வேலை அறுந்தால் வீடும் விழும். அந்த அறையில் மூன்று தலைமுறை பிறந்திருக்கிறது. அறை அவர்களுடையது அன்று.

கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு நானே நடந்து சென்றேன். அட்டை கடிக்காமலிருக்க முழங்கால் வரை சவர்க்காரம் பூசிச் செல்லுங்கள்; நான் செய்யவில்லை. நண்பகல் நிறுவைக்குப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். தர்ஷினி பதினொன்றாவது ஆள். என்னைக் கண்டதும் முகம் வெளிறிப் போனார்.

"சேர்! நீங்க ஏன் சேர் இவ்வளவு தூரம்..."

வேலையை மேற்பார்க்கும் கங்காணி, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மனிதர், என் சப்பாத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கதான் கம்பியூட்டர் வாத்தியாரா? இந்தப் புள்ள பெரட்டுக்கு ஒரு நாள்கூட பிந்தினது இல்லீங்க. உங்க பள்ளிக்கூடத்துக்குத்தான் தெனமும் பிந்துதாம்?"

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "கங்காணி, அதுக்கு மொத நிறுத்து விடுங்க. ஆப்பிரிக்கா காத்துக்கிட்டு நிக்குது" என்றாள். கங்காணி மறுத்தார். "வரிசைன்னா வரிசைதான். இன்னைக்கு இதுக்கு விட்டா, நாளைக்கு எல்லாருக்கும் ஆப்பிரிக்காவுல சோலி இருக்கும்." அதை நான் ஏற்கிறேன். அவர் இடத்தில் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

அதற்குள் பகல் பன்னிரண்டு தாண்டிவிட்டது. நிறுத்து முடித்தால்தான் அரைநாள் வேலை பதியப்படும். அதற்கு முன் புறப்பட்டால் காலை முழுவதும் பறித்தது வீண், பெரட்டில் நின்றதும் வீண். பிற்பகல் வேலையை விட்டுவிட்டு அரைச் சம்பளத்தோடு தர்ஷினி தினமும் ஓடுகிறார். தோட்டத்தில் தொலைபேசி அலை கிடைக்கும் ஒரே இடம் தண்ணீர்த் தாங்கிக்கு மேலேயுள்ள பாறை. நிறுத்து முடித்ததும் மடிக்கணினியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு முன்னே ஏறினார். நான் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினேன். பாறையில் அவர் வகுப்பைத் திறந்தபோது பன்னிரண்டரை. அன்று எனக்குப் பதிலாக நைரோபியிலிருந்த உதவிப் பயிற்றுநர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"காரணத்தை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டேன்.

"எழுதினா பாவம்னு சொல்லுவாங்க சேர். பாவம்னு சொல்லிட்டு வேற ஆளப் போடுவாங்க. எனக்குத் தெரியும்."

அலை இல்லாத இடத்தில் எடையைச் சேமித்து வைத்து, அலை கிடைத்ததும் தானாக அனுப்பும் பகுதியை எங்கள் செயலியில் எழுதியவர் தர்ஷினி. மலாவியில் அது சோதனைக்காகச் சில தோட்டக்காரர்களின் கையில் இப்போதே ஓடுகிறது. அவர் அதை எங்கே உட்கார்ந்து எழுதினார் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

தேவைப்பட்டது ஒரு மணித்தியாலம். வகுப்பு நைரோபி நேரம் பத்துக்குத் தொடங்கினால் அவர் தாமதமில்லாத மாணவி. விதி அப்படியே இருக்கும்; மணிதான் மாறும். அந்தப் பாறையிலிருந்தே மற்ற இருபத்து மூவருக்கும் குழுவில் கேள்வி அனுப்பினேன். அரை மணித்தியாலத்துக்குள் அத்தனை பேரும் சம்மதித்தார்கள். கென்யாவைச் சேர்ந்த வாஞ்சிரு என்ற மாணவி, "ஒரு மணித்தியாலம் கூடுதலாகத் தூங்கத் தருகிறீர்கள், இதற்கும் அனுமதி கேட்பீர்களா?" என்று எழுதினார். சைக்கிளில் வரும் மலாவி மாணவர் ஒரே சொல்லில் ஆம் என்றார்.

உடனே கொழும்பிலுள்ள எங்கள் இயக்குநரை அழைத்தேன். காற்று இரைந்ததால் ஒலிபெருக்கியில் போட வேண்டியதாயிற்று. அது என் பிழை. தர்ஷினி முழுவதையும் கேட்டார்.

"குலா, அந்த விதிய எழுதினதே நீங்கதானே? இப்ப நீங்களே மாத்தச் சொன்னா எப்பிடி?"

"விதியை மாற்றச் சொல்லவில்லை. நேரத்தை மாற்றச் சொல்கிறேன். எல்லாரும் சம்மதம்."

"நிதி தாறவங்கள் ஒம்பதுக்கு வந்து வகுப்பப் பாக்கிற மாதிரி நிகழ்ச்சிநிரல் அடிச்சாச்சு. ஒரு பிள்ளைக்காக அதக் குழப்பேலாது."

"போன மாதம் கொழும்பு மாணவர் ஒருவருக்கு நீங்களே விசேட அனுமதி கொடுத்தீர்கள். அவர் நாற்பது நாள் வரவில்லை."

"அது வேற. அவர் எங்கட நிர்வாகசபை உறுப்பினர்ட மருமகன். உங்களுக்கும் தெரியும்தானே."

"தர்ஷினி எழுதிய பகுதி மலாவியில் ஓடுகிறது."

"நல்ல வேலை. நான் இல்லையெண்டு சொல்லேல்ல. அது ஓடட்டும். திங்கட்கிழமை ஆளை மட்டும் எடுத்துவிடுங்கோ."

அழைப்பை அவரே முடித்தார். நான் தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்தேன். தர்ஷினி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க ஒன்னும் கவலப்படாதீங்க சேர். வகுப்பு முடிய இன்னும் நேரம் இருக்கு. கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க, உங்க நெழல் கீபோர்டுல விழுது."

தள்ளி உட்கார்ந்தேன். பிற்பகல் மூன்றரைக்கு வகுப்பு முடியும்வரை கீழே இறங்கவில்லை.

திரும்பும் வழியில் நிஸ்தார் என்ன முடிவு என்று கேட்டார். சொன்னேன். "மருமகனுக்கு ஒரு சட்டம், மலைக்கு ஒரு சட்டம். இதப் படிக்க ஆபிரிக்கா வரைக்கும் போகத் தேவையில்லையே சேர்" என்றவர், ஐந்நூறு ரூபா குறைத்ததைத் திரும்பப் பேசினார். கொடுத்துவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பிற்பகல் இரண்டுக்குப் பிறகு மூடுபனி இறங்கும்; மலைவிளிம்பு பார்க்க வேண்டுமானால் விடியற்காலையில் அங்கே இருங்கள். நகரத்துக்கு அப்பால் தோட்டப் பாதைக்குச் சிறிய கார் உதவாது. மழையாடை, சவர்க்காரம், குடிநீர் அவசியம். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். அவர்கள் அங்கே நிற்பது உங்கள் பின்னணிக்காக அன்று, ஓர் அறைக்காக. தொழில்நுட்பத்தால் தொலைவு அழிந்துவிட்டது என்று மேடைகளில் நான் பல முறை பேசியிருக்கிறேன். மடுல்சீமைக்கும் மலாவிக்கும் இடையில் அது உண்மையாகவே அழிந்துவிட்டது. மடுல்சீமைக்கும் கொழும்புக்கும் இடையில் ஓர் அங்குலமும் குறையவில்லை.

வரவுப் பதிவில் பொய் எழுத மாட்டேன். அது என்னால் ஆகாது. ஆனால் எங்கள் விதியில் மாணவர் என்ற சொல் இல்லை, வகுப்புக்கு வருபவர் என்றே இருக்கிறது, நானும் வருபவன்தான். ஆசிரியர் வராமல் வகுப்புத் தொடங்காது; நான் பன்னிரண்டரைக்கு வந்தால் அப்போது வரும் மாணவர் எவரும் தாமதித்தவர் ஆகார். ஆகவே திங்கட்கிழமை தொடக்கம் உதவிப் பயிற்றுநரை அழைக்கப் போவதில்லை. நானே நடத்துவேன், ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரைக்கே வருவேன், ஒவ்வொரு நாளும் என் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று என் கையாலேயே பதிவேன். என் வரவு எண்பதுக்குக் கீழே இறங்கும் நாளில் இயக்குநர் விதிப்படி என்னை நீக்கட்டும். படிப்பில் மிச்சமிருப்பது ஆறு வாரம். கணக்குப் பார்த்தேன். தர்ஷினி படிப்பை முடிக்க அதுவரை போதும்.