நெஞ்சுல ஆபரேஷன்

மண்ணூர்பேட்டையில் வீடு தேடியபோது நாங்கள் கேட்ட முதல் கேள்வி, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்பதுதான். தண்ணீர் எப்படி, வெளிச்சம் உண்டா என்றெல்லாம் கேட்கவில்லை. புரோக்கர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். வயிற்றை இந்த இடுப்பெலும்பிலிருந்து அந்த இடுப்பெலும்பு வரை அறுக்கப் போகிறார்கள், அதன் பிறகு ஒரு மாதம் என்னால் குத்துக்கால் இட முடியாது என்று அவரிடம் எப்படி விளக்குவது? மூட்டுவலி என்று சொல்லி வைத்தோம். அன்றைக்கு ஆரம்பித்தது பொய்.

விஷயம் இதுதான். நான்கு வருடத்துக்கு முன்னால் புற்றுநோய் வந்து இடது பக்கத்தை முழுதாக எடுத்துவிட்டார்கள். இப்போது என் வயிற்றுச் சதையையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுத்து மேலே கொண்டுபோய்த் தைத்து, போனதைத் திரும்பச் செய்துதருவதாக இங்கே ஒரு மருத்துவமனையில் சொன்னார்கள். எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம், இங்கிருந்து ஒரு ராத்திரி முழுக்க பஸ் பயணம். ஏதாவது ஒன்றென்றால் அரை மணி நேரத்துக்குள் வந்து சேரும் தூரத்தில் ஒரு மாதமாவது இருக்க வேண்டும் என்றார் டாக்டர். வைத்த சதைக்கு ரத்தம் ஓடினால் பிழைக்கும், ஓடாவிட்டால் கறுத்துச் செத்துப்போகும், எடுத்துவிட வேண்டியதுதான் என்பதையும் சொன்னார். ஒளிவுமறைவில்லாத மனிதர்.

இந்த வயதில் இது எதற்கு என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நாற்பத்தொன்பது வயது. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கியபோது உள்ளே வைத்திருந்த பஞ்சுப் பொதி ஒருநாள் அக்குளுக்கு ஏறிவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் பார்த்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒரு அதட்டு போட்டுவிட்டுப் பாடத்துக்குத் திரும்பியிருப்பேன். அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டதுதான் தாங்கவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு வேண்டும், அவ்வளவுதான் என்று பிடிவாதம் பிடித்தேன். ஆகவே இது சரியாக வந்தே தீர வேண்டும். வராவிட்டால் எத்தனை பேர் ‘அப்பவே சொன்னோமே’ என்று வருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

என் கணவர் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறார். நல்ல மனிதர், ஆனால் வாய் திறக்க மாட்டார். இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்த உறுப்பின் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. டாக்டர் அறையிலும் ‘அந்த இடம்’தான். அவரைக் குறை சொல்லி என்ன, நானும் பதினெட்டு வருடமாகப் பாலூட்டிகள் பாடத்தைப் ‘பால் சுரப்பிகள்’ என்ற ஒற்றைச் சொல்லோடு கடந்து போகிறவள்தானே.

வெஸ்டர்ன் டாய்லெட்டோடு ஒரு வீடு கிடைத்தது. தொழிற்பேட்டைக்குப் பின்னால் நான்கு போர்ஷன்களை வாடகைக்கு விட்டிருந்த வீடு. வீட்டுக்கார அம்மாவுக்கு என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். என்ன ஆபரேஷன் என்று அவர் கேட்டார். என் கணவர் பேனா செருகிய தன் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டி, “நெஞ்சுல ஆபரேஷன்” என்றார்.

அந்த அம்மா பதறிப் போய்விட்டார். “ஐய, இந்த வயசுலயே நெஞ்சுலயா? இன்னா சார், மெதுவா சொல்றீங்க?” என்று என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். மாடியில் தருவதாக இருந்த போர்ஷனை மாற்றிக் கீழேயே கொடுத்துவிட்டார், நான் படி ஏறக் கூடாதாம். அப்போதே நான் திருத்தியிருக்கலாம். அலைந்து களைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

இதய நோய்க்கு இருக்கும் மரியாதையே தனி. தெருவில் இரண்டு நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வால்வா, அடைப்பா என்று கேட்டார்கள். அடைப்பு என்றேன். எத்தனை என்றார்கள். இரண்டு என்றேன், அதிகம் ஆசைப்படாமல். மாடியில் இருந்த லேத் பட்டறைக்காரர்களைக் கட்டிலை இழுக்கக் கூடாது என்று வீட்டுக்கார அம்மா மிரட்டி வைத்தார். தினமும் ஒரு கிண்ணத்தில் ஏதாவது வரும். ரசம், கூட்டு, கஞ்சி. ஒன்றிலும் உப்பு இருக்காது. எண்ணெய் இருக்காது. டாக்டரோ முட்டையும் மீனும் நிறையச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார், ரத்தக்குழாய் சுருங்கிவிடும் என்று காபியை நிறுத்தச் சொல்லியிருந்தார். காபி இல்லாத தலைவலியோடு உப்பில்லாத ரசத்தைக் குடித்துவிட்டு, கையை ஊன்றாமல் கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பழகிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி நான்கு வாங்கினோம். ஆபரேஷனுக்கு முன்னாலேயே நான் களைத்துப் போயிருந்தேன்.

ஆபரேஷன் பத்து மணி நேரம். எனக்கு நினைவிருப்பது அதற்குப் பிறகான ஐந்து நாட்கள்தான். மணிக்கு ஒரு தரம் நர்ஸ் வந்து ஒரு சின்னக் கருவியை அதன் மேல் வைப்பார். உள்ளே ரத்தம் ஓடும் சத்தம் சரசரவென்று கேட்கும். பிறகு விரலின் புறத்தை வைத்துச் சூடு பார்ப்பார். தூங்க விடாமல் படுத்தினார்களே தவிர, அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சே வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது அந்த நர்ஸ் தெளிவாகச் சொன்னார். ஒரு நாளைக்கு நான்கு தரம் விரலின் புறத்தை வைத்துப் பார்க்க வேண்டும். வலது பக்கம் எவ்வளவு சூடோ அவ்வளவு சூடு இடது பக்கமும் இருக்க வேண்டும். சில்லிட்டிருந்தாலோ நீலம் பாரித்தாலோ உடனே வர வேண்டும். குளிர்காற்று படவே கூடாது. அந்த இடத்தில் எனக்கு உணர்ச்சி கிடையாது. அதோடு பழைய கீமோ மருந்தில் என் விரல்களும் மரத்துப் போனவை, சுடச்சுட டம்ளரைப் பிடித்தாலும் கொஞ்சம் தாமதித்துத்தான் தெரியும். அதனால் பார்க்கும் வேலை என் கணவருடையதாயிற்று.

அவர் ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. காலை, மதியம், சாயங்காலம், படுக்கும் முன். பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்த்துக்கொண்டே விரலை வைப்பார். “இருக்கு” என்பார். எழுந்து போய்விடுவார். எனக்குக் கோபமாக வரும். ஆனால் கோபப்படுவதற்கும் நிமிர்ந்து உட்கார வேண்டியிருந்தது. வயிற்றைச் சுற்றிப் பெல்ட், இரண்டு பக்கமும் ரத்தநீர் வடியும் குழாய்கள், நடந்தால் கூன்.

வீட்டுக்கார அம்மா தன் ஹாலில் இருந்த ஏர் கூலரை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெளியே அக்னி நட்சத்திரம். நெஞ்சு நோயாளிக்குக் காற்று வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் வந்து போட்டுவிட்டுப் போவார், அவர் தலை மறைந்ததும் என் கணவர் அணைப்பார். அந்த வெயிலில் நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு சாய்ந்திருப்பதைப் பார்த்து, ரத்தம் குறைந்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று தெருவுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார் அந்த அம்மா.

கணவருக்கு லீவு தீர்ந்தது. கோயம்புத்தூரில் படிக்கும் மகளுக்குப் பரீட்சை முடிய இன்னும் இரண்டு நாள். இடையில் இரண்டு நாள்தானே, முழங்கையை வைத்தாவது சூடு பார்த்துச் சமாளித்துக்கொள்கிறேன் என்று நான்தான் அவரை அனுப்பினேன். குழாய்களையும் அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். கேட் வரை போனவர் திரும்பி வந்தார். எதையோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். தண்ணீர் கேன் சொல்லியாயிற்று என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் மாத்திரை போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் தூங்கிவிட்டேன். விழித்தபோது தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்த சங்கு ஊதிக்கொண்டிருந்தது. எதிரே கூலர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சால்வை தரையில் கிடந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. நைட்டி முன்பக்கம் ஈரமாக ஜில்லென்று இருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் குளியலறைக் கண்ணாடியில் பார்த்தேன். கீழ் ஓரத்தில் ஒரு கறுப்பு. அது நேற்றும் இருந்ததா? எனக்குத் தெரியவில்லை. அவர் காலண்டரைப் பார்த்தார் என்று அவ்வளவு கோபப்பட்டேனே, நானும் இத்தனை நாள் அதை நேராகப் பார்த்திருக்கவில்லை. விரலை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. முழங்கையின் உட்புறத்தை வைத்தேன். கூலர் காற்றில் கையே சில்லிட்டிருந்தது, எது குளிர்கிறது என்று சொல்ல முடியவில்லை. போனில் மருத்துவமனையைப் பிடித்தேன். “சூடா இருக்கா, இல்லையா, அதைச் சொல்லுங்க மேடம்” என்றது ஒரு குரல். அது ஒன்றுதான் எனக்குத் தெரியாது. போய்விட்டது என்றே நினைத்தேன். இவ்வளவு பேச்சு கேட்டு, இவ்வளவு தூரம் வந்து, வயிற்றையும் அறுத்துக்கொண்டு, கடைசியில் ஒரு கூலர் காற்றுக்குக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஜன்னல் வழியாக வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டேன். மீன் அலசிக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடி வந்தார். மார்வலியா என்றார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொன்னேன். கழுவிக்கொண்டு வந்தார்.

“அக்கா, எனக்கு ஆபரேஷன் இதயத்துல இல்ல. மார்பகத்துல.”

பாடப்புத்தகச் சொல்தான் வாயில் வந்தது. அவர் விழித்தார். இன்னொரு தரம் சொல்லத் தெம்பில்லை. ஜிப்பை இறக்கினேன்.

அவர் முகத்தைத் திருப்பவில்லை. குனிந்து, தையல் ஓடும் வழியெல்லாம் பார்த்தார். வயிற்றுப் பெல்ட்டைப் பார்த்தார்.

“முலையா?” என்றார். “வவுத்து சதைய எடுத்து முலை வெச்சிகீறாங்களா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தச் சொல்லை ஒரு பெரிய மனுஷி கத்தரிக்காய் என்று சொல்வதைப்போலச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்கள் பக்கம் அது கெட்ட வார்த்தை, பஸ் ஸ்டாண்டு சுவரில் கிறுக்குகிற வார்த்தை. என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன். கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துத் தேய்த்துக்கொண்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையை முதலில் வலது பக்கம் வைத்தார். பிறகு இடது பக்கம். மறுபடி வலது. மறுபடி இடது. அவசரப்படவே இல்லை.

“சூடாதான் கீது. ரெண்டு முலையும் ஒண்ணாதான் கீது டீச்சர்.”

அழுதுவிட்டேன். அழுதால் வயிற்றுத் தையல் இழுக்கும், அதனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டே அழுதேன். அவர் போய்க் கூலரின் பிளக்கைப் பிடுங்கினார்.

நான் மருத்துவமனைக்கு மறுபடி போன் செய்தேன். சூடு இருக்கிறது, ஆனால் ஓரம் கறுத்திருக்கிறது என்றதும் எதற்கும் வந்துவிடச் சொன்னார்கள். ஆட்டோவில் அவரும் ஏறிக்கொண்டார், ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார். வரவேற்பில் இருந்த பெண் என்ன கேஸ் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார், அதே சொல்லில், கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி. இரண்டு ஆண்கள் எழுந்து வெளியே போனார்கள். எனக்கு வெட்கப்படக்கூடத் தெம்பில்லாமல் இருந்தது, அதனால் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஓரத்தில் விரல்நுனி அளவுக்குத் தோல் மட்டும் காய்ந்திருக்கிறது, அது தானாக உதிர்ந்துவிடும், மற்றதெல்லாம் நன்றாகப் பிழைத்திருக்கிறது என்றார் டாக்டர். அந்தச் சின்னக் கருவியை வைத்துச் சத்தத்தையும் கேட்கவைத்தார். வீட்டுக்கார அம்மா காதை அருகே கொண்டுபோய்க் கேட்டார்.

திரும்பும் வழியெல்லாம் அவருக்குக் கோபம். “மூணு வாரமா உப்பில்லாம ஆக்கிப் போட்டேன். நீயும் துன்னுகினு கம்முனு கீறியே” என்றார். ‘டீச்சர்’, ‘நீங்க’ எல்லாம் அன்றோடு போயிற்று. அன்று சாயங்காலம் மீன் குழம்பு வந்தது, உப்பும் காரமுமாக. நாக்கு எரிய எரியச் சாப்பிட்டேன். மகள் வந்து சேரும்வரை நான்கு வேளையும் அவரே வந்து கையை வைத்துப் பார்த்தார்.

அன்றைக்கே இருட்டும் நேரத்தில் கணவர் போன் செய்தார். மதியம் நடந்ததை இன்னும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அவர் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது, ஆபீஸ் விட்டு வந்து பஸ்ஸுக்கு நின்றிருந்தார். வழக்கம்போல, “நெஞ்சு எப்படி இருக்கு?” என்றார்.

“நெஞ்சுக்கு ஒண்ணுமில்ல, அது நல்லாத்தான் இருக்கு. முலையைப் பத்திக் கேளுங்க” என்றேன்.

வைத்துவிட்டார் என்று நினைத்தேன். ஹாரன் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. கூட்டத்தை விட்டு ஒதுங்கி எங்கேயோ நடந்தார் போலிருக்கிறது, ஹாரன் தூரத்துக்குப் போயிற்று. பிறகு யாரோ புதுப் பையன் மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

“முலை... சூடா இருக்கா?”

“இருக்கு” என்றேன்.