இடது கையால் போட்ட ஓட்டு

பீர்மேட்டுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பெண்ணை அவள் செய்த சத்தியத்தை மீற வைத்தேன். ‘வைத்தோம்’ என்று எழுதினாலும் பொய்யில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் எல்லோரும் கூடத்தான் இருந்தார்கள். ஆனால் முன்னால் நின்றது நான். எழுபதுகளில் நடந்தது. வருஷம் கேட்டால் சொல்லத் தெரியாது. என் இளையவள் அப்போது நடை பழகிக்கொண்டிருந்தாள்.

எங்கள் சங்கத்தில் தலைவரை நாங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. டிவிஷனுக்கு ஒரு பிரதிநிதியை அனுப்புவோம். அவர்கள் கீழே டவுனில் சம்மேளனம் கூடி, தலைவர் பதவிக்கு யாரை நிறுத்துவது என்று கை தூக்கி முடிவு செய்வார்கள். அங்கே நிறுத்தப்பட்டவர்தான் தலைவர். அதற்குப் பிறகு நாங்கள் போடும் ஓட்டு பேருக்கு.

எங்கள் டிவிஷனுக்கு அந்த வருஷம் பிரதிநிதி பிள்ளைப்புரை ஆயா. நாங்கள் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கொட்டகைக்குத்தான் பிள்ளைப்புரை என்று பெயர். அவளைவிட நான் நன்றாகப் பேசுவேன் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பிரதிநிதிக்குக் கையெழுத்துப் போடத் தெரிய வேண்டும் என்றார்கள். எனக்கு அப்போது கைநாட்டு. ஜெபப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டியதெல்லாம் பிறகுதான். அவளைத் தேர்ந்தெடுத்த அன்று நானும் கை தட்டினேன். மனசில் ஒரு முள் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவளைத் தேர்ந்தெடுத்தபோது போட்டி என்று ஒன்று இல்லை. பழைய தலைவர்தான் மறுபடியும் என்று இருந்தது. அதற்கப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஒரு நாளைக்குக் கிள்ள வேண்டிய கொழுந்தின் எடையைக் கூட்டுவதற்கு அவர் எங்களைக் கேட்காமலே கம்பெனியோடு கையெழுத்துப் போட்டிருந்தார். எடை கூடினால் சாயங்காலம் இன்னும் ஒரு மணி நேரம் சரிவில் நிற்க வேண்டும். பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒருத்தர், கொழுந்துக்காரி மகன், எதிர்த்து நிற்கிறேன் என்று கிளம்பினார். பழைய எடையைத் திரும்ப வாங்கித் தருவேன் என்றார். எங்களுக்கு அது போதும்.

எடைக் கொட்டகையில் வைத்துத்தான் ஆயாவிடம் முதலில் கேட்டேன். என்னைவிட எட்டு வயது மூத்தவள்.

“அக்கா, சம்மேளனத்துல கைய புது ஆளுக்குத்தான தூக்கப்போற?”

“அது முடியாது பிள்ள,” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. “வேற யாரையாச்சும் அனுப்புங்க. நான் வெலகிக்கிடுதேன்.”

“பேரு எழுதிக் குடுத்தாச்சு. இனி மாத்த முடியாதுன்னு சங்க ஆபீசுல சொல்லிட்டான். ஏன் முடியாது?”

அப்போதுதான் சொன்னாள். அவள் புருஷன் செத்து ஒரு மாதத்தில் லயத்து முறியை, இருந்த ஒற்றை அறையை, காலி பண்ணச் சொன்னார்கள். பழைய தலைவர் மழையில் நனைந்தபடி ஏறி வந்து, ஆபீசில் சண்டை பிடித்து, அவளுக்கு ஆயா வேலையும் முறியும் வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு அவள் அவரைக் குருசடிக்குக் கூட்டிப்போய், சிலுவையின் மேல் வலது கையை வைத்து, இந்தக் கை உங்களுக்கு எதிராக எழும்பாது என்று சத்தியம் பண்ணியிருக்கிறாள். அவர் சத்தியம் கேட்கவில்லை. அதெல்லாம் வேண்டாம் தாயி என்றுகூடச் சொன்னாராம். இவளாகச் செய்தது.

“ஒனக்கு முறி குடுத்தாரு,” என்றேன். “எங்க முதுகையுமில்ல சேத்து வித்துட்டாரு?”

பக்கத்தில் நின்ற என் மதினி, “அக்கா பிள்ளைகளத் தூக்கித் தூக்கி எளைச்சுப் போச்சு, கொழுந்துச் சாக்கு சுமந்தாத்தான தெரியும்,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பிள்ளைப்புரைக்குப் பிள்ளைகளை விடாமல் இருப்போம் என்ற யோசனை என்னுடையது. யாரும் அதற்கு முன்னால் அப்படிச் செய்ததில்லை. சாரல் பிடித்திருந்த மாதம். மறுநாள் காலையில் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறினோம். நிழல் மரங்களில் சேலையைத் தொட்டில் கட்டி, மேலே சாக்கைப் போர்த்தினோம். என் இளையவளின் காலிடுக்கில் அட்டை ஏறி ரத்தம் வழிந்தது. உப்பு வைத்துப் பிடுங்கினேன். அவள் அழுத அழுகையில் எனக்கு ஆயாவின் மேல்தான் கோபம் வந்தது. அப்படி இருந்தது என் புத்தி.

பிள்ளைப்புரை வழியாகத்தான் மலைக்குப் போக வேண்டும். முதல் நாள் அவள் வாசலில் நின்று ஒவ்வொருத்தியிடமும் கை நீட்டினாள். பிள்ளைகள் அவளைப் பார்த்துத் தாவின. நாங்கள் தாவிய பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தோம். இரண்டாம் நாளும் பாலைக் காய்ச்சி வைத்திருந்தாள். மூன்றாம் நாள் வெளியே வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாயை விரித்துப் போட்டு அதன் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

நாலாம் நாள் சூப்பர்வைசர் வந்து, பிள்ளைகள் வராவிட்டால் ஆயா எதற்கு என்று ஆபீசில் பேச்சு நடக்கிறது என்றான். வேலை போனால் முறியும் போகும் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் ஐந்தாம் நாளும் கட்டிக்கொண்டு ஏறினோம்.

அன்று வேலை விட்டு வந்தபோது அவள் என் வாசலில் நின்றாள்.

“ஏட்டி, நான் சத்தியம் பண்ணியிருக்கேன். சும்மா பேச்சு இல்ல.”

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. எங்கள் ஆட்களில் ஒரு வழக்கம் உண்டு. அந்தோணியாருக்கு ஒருத்தர் நேர்ச்சை நேர்ந்து, செலுத்த முடியாமல் போனால், சொந்தக்காரர் ஒருவர் மெழுகுவர்த்தி கொளுத்தி அதைத் தன் தலையில் வாங்கிக்கொள்ளலாம். பிறகு அது இவருடைய கடன். அதைப் போல இதையும் வாங்கிக்கொண்டால் என்ன?

“வாக்கா,” என்றேன். “ஒஞ்சத்தியத்த நான் வாங்கிக்கிடுதேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும்.”

குருசடிக்குப் போனோம். நான் மெழுகுவர்த்தி கொளுத்தி, சிலுவையில் கை வைத்து, இவள் செய்த சத்தியம் இனி என் தலையில் என்று சத்தமாகச் சொன்னேன். கூட வந்த பெண்கள் ஆமென் என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பெரிய காரியம் செய்தவள் மாதிரி திரும்பி நடந்தேன். நேர்ச்சை சாமிக்குச் செய்வது, இது ஒரு மனுஷனுக்குக் கொடுத்தது என்பது அப்போது ஒருத்திக்கும் உறைக்கவில்லை. ஆயா மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். மறுநாள் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டோம்.

சம்மேளனத்துக்கு நாங்களும் லாரி பிடித்துப் போனோம். பிரதிநிதிகள்தான் உள்ளே போகலாம். நாங்கள் பள்ளிக்கூட ஹாலுக்கு வெளியே ஜன்னல் ஜன்னலாக நின்றோம். மற்ற டிவிஷன் பெண்களும் அதே மாதிரி வந்திருந்தார்கள். உள்ளே இருக்கிறவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருத்தியின் முகம் தெரிய வேண்டும் என்பதுதான் திட்டம். அதுவும் என் யோசனைதான்.

பழைய தலைவர் மேடையில் இருந்தார். ஆயா மூன்றாவது பெஞ்சு. புது ஆளுக்குக் கை தூக்கச் சொன்னதும் நிறையக் கைகள் எழுந்தன. அவள் கை எழவில்லை. நான் ஜன்னல் கம்பியைத் தட்டினேன். அவள் வலது கையை மடியில் அமுக்கி வைத்துக்கொண்டு, இடது கையைத் தூக்கினாள்.

எண்ணிக்கொண்டு வந்தவர் மலையாளத்துக்காரர். அவள் பெஞ்சருகே நின்று, “சேச்சி, வலத்தே கை பொக்கணும்,” என்று வலது கையைத் தூக்கச் சொன்னார்.

அவள் அசையவில்லை.

“வலத்தே கைக்கு எந்தா சுகமில்லே?”

ஹாலில் சிரிப்பு. இடது கைக்காரி என்றான் ஒருவன். அந்தக் கை எதுக்குள்ள கைன்னு தெரியாதா என்றான் இன்னொருவன். சிரிப்பு ஜன்னலுக்கு வந்தது, நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. மேடையில் பழைய தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த வலது கை ஏன் மடியில் இருக்கிறது என்று தெரியும். அவர் எழுந்து, “அது மதி, அந்தக் கையே போதும், எண்ணிக்கோ,” என்றார்.

எண்ணினார்கள். புது ஆள் ஜெயித்தார்.

அவர் மோசமானவர் இல்லை. கூட்டிய எடையில் பாதியைக் குறைத்துக் கொடுத்தார். மழைக்குப் போர்த்திக்கொள்ளப் படங்கும் வாங்கிக் கொடுத்தார். நாங்கள் கேட்டதில் தப்பு இருந்ததாக நான் இப்போதும் நினைக்கவில்லை. எனக்கு வெட்கம் அதில் இல்லை.

அடுத்த ஞாயிறு பூசையில் ஆயா நன்மை வாங்க, சாமியார் நாக்கில் வைக்கும் நற்கருணை அப்பத்தை வாங்க, வரவில்லை. பாவம் தீராதவர்கள் அதை வாங்கக் கூடாது. நாங்களெல்லாம் பீடத்துக்கு முன்னால் தடுப்பாக இருக்கும் அளிக்கு முன்னால் முழங்கால் போட்டு நாக்கை நீட்டியபோது, அவள் கடைசித் தூணருகே உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. சிரித்துக்கொண்டே கேட்டேன்: “என்னக்கா, எடக்கையத்தான தூக்குன? அதோட சத்தியத்தத்தான் நான் வாங்கிட்டேனே?”

“ஆண்டவருக்கு எந்தக் கைன்னு தெரியாதாக்கும்,” என்றாள்.

“பாவசங்கீர்த்தனம் பண்ணிரு. சாமியார் மன்னிச்சிருவாரு.”

“பண்ணுனேன். சாமி மன்னிச்சாரு. நான் வாக்குக் குடுத்தது அந்த மனுசனுக்குல்லா? அவரு கிட்டப் போயிச் சொல்லணும்.” பிறகு, தயங்கி, “நீயும் கூட வா பிள்ள. ஒண்ணா நின்னு சொல்லுவோம். நீ தலையில வாங்குனேன்னு சொன்னேல்ல,” என்றாள்.

பழைய தலைவர் அப்போது மலையிறங்கித் தன் ஊருக்குப் போய்விட்டார். பஸ் ஏறினால் ஒரு பகல் வழி. போகாமல் இருக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் ஊரே கேட்க வாங்கிக்கொண்ட சத்தியத்துக்காக ஒருவர் முன்னால் தலைகுனிந்து நிற்க எனக்கு முடியவில்லை. “சங்கக் காரியம்க்கா. நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?” என்றேன். அவள் மறுபடியும் கேட்கவில்லை. தனியாகப் போகவும் இல்லை. இந்த முகத்தோடு எப்படித் தனியாய் அவர் வாசலில் நிற்பேன் என்று என் மதினியிடம் சொன்னாளாம்.

இரண்டு மழைக்குப் பிறகு அவர் செத்துப் போனார் என்று ஜீப்காரன் சொன்னான். அன்றைக்கும் அவள் பிள்ளைகளுக்குப் பால் ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டாள், தலையாட்டினாள், அடுத்த பிள்ளையின் வாயைத் துடைத்தாள்.

அதற்கப்புறம் நான் ஒவ்வொரு பூசையிலும் நன்மை வாங்க முன்னால் போகும்போது, அவள் பார்த்துக்கொண்டிருக்கிற என் முதுகு எனக்குத் தெரிந்தது. பாவம் எனக்கு வரட்டும் என்று கத்தியவள் முன்வரிசையில், அவள் தூணருகே. ஒரு உயிர்த்த ஞாயிறு அன்று, எல்லோரும் எழுந்து போனபோது, நான் பின்னால் நடந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எந்திரிச்சுப் போ,” என்றாள் மெதுவாக.

“நானும் இங்கன இருக்கேன்க்கா.”

“எதுக்கு, தொணைக்கா? நான் ஒத்தையில இருந்து பழகிட்டேன். நீ இருந்தா நாலு பேரு என்னன்னு கேப்பாக. நீ எல்லாத்தையும் சொல்லுவ. ஒனக்கு மனசு லேசாயிரும். லேசாக வேண்டாம். போ.”

அவள் குரலில் கோபம் இல்லை, பிள்ளைகளைப் படுக்கச் சொல்லும்போது வரும் குரல் அது. நான் எழுந்தேன். அளிக்கு முன்னால் வரிசை முடிகிற நேரம். கடைசி ஆளாக முழங்கால் போட்டு, நாக்கை நீட்டி, அன்றைக்கும் வாங்கினேன்.