பெரட்டில் சொன்ன சொல்

தேயிலைத் தோட்டத்துத் துரை என்னைக் கள்ளன் என்று சொன்னது காலைப் பெரட்டில். கூடையோடும் மண்வெட்டியோடும் தோட்டமே வரிசையில் நின்று அன்றைய வேலையை வாங்கிக்கொள்ளும் நேரம். அத்தனை பேர் காதும் கேட்க, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னார்.

"டிரைவர் கள்ளன். டீசல் விக்கிறது. மண்ணெண்ணெய் கலக்கிறது. அதுதான் லொறி மலை ஏறுறது இல்லே."

இத்தனை வருடம் கழித்தும் அதை எழுதும்போது எனக்குக் கோபம் ஆறவில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. மஸ்கெலியாவுக்கும் நோட்டன் பிரிட்ஜுக்கும் இடையில் இருந்த ஒரு தோட்டத்தில் நான் லொறி டிரைவர். தேயிலைப் பெட்டிகளை ஏற்றி ஹட்டன் ஸ்டேஷனில் இறக்குவது வேலை. பதினொரு வருடம் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தேன். ஒரு பெட்டி குறைந்ததில்லை, ஒரு நாய்க்கும் அடிபட்டதில்லை.

அந்த ஒரு மாதமாகத்தான் லொறி படுத்திக்கொண்டிருந்தது. டிக்கோயா தாண்டி ஏற்றம் பிடித்ததும் இழுவை செத்துவிடும். காலால் எவ்வளவு மிதித்தாலும் ஊர்ந்துதான் போகும். பின்னால் கரும்புகை. ரேடியேட்டர் கொதித்து மூடியைத் தூக்கும். ஓரத்தில் நிறுத்தி, ஆறவைத்து, ஓடைத் தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளப்பவேண்டும். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிச் சிரிப்பார்கள். டீசலும் முன்னைவிட அதிகமாகக் குடித்தது. துரை பிடித்துக்கொண்டது அதைத்தான். டீசல் அதிகமாகப் போகிறது என்றால் டிரைவர் திருடுகிறான். அதற்குமேல் யோசிக்க அவருக்கு என்ன வந்தது!

பெரட்டு முடிந்ததும் இங்கிலீஷில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். ஆபீஸ் கிளாக்கர் படித்துச் சொன்னார். சனிக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் பத்துச்சீட்டு, அதாவது வேலையும் போய் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். அதுவரை லொறியை வெளியே எடுக்கக்கூடாது.

தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் நம் ஆள்தான். எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று நம்பிப் போனேன்.

"எடுத்தியோ எடுக்கலையோ, போய் மன்னிப்புக் கேட்டுரு. துரை மனசு எறங்குவாரு" என்றார்.

"எடுக்காததுக்கு எதுக்குங்க மன்னிப்பு?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துரை ஏசியதைவிட அது எனக்கு அதிகமாக எரிந்தது.

என் மனைவி மட்டும், "எவன் சொன்னான் அப்படி? நான் வந்து கேக்கிறேன்" என்று கொழுந்துக் கூடையோடு கிளம்பிவிட்டாள். அவளைப் பிடித்து நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வாயால் கேட்டு ஆகப்போவதில்லை, லொறியை வைத்துத்தான் பேசவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை காலையில் பானட்டைத் திறந்தேன். தண்ணீர் நிறைய இருந்தது. பெல்ட் இறுக்கமாக இருந்தது. தண்ணீர் பம்பில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. டாங்கியிலிருந்து டீசலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். சுத்தமான டீசல். இதை டீமேக்கரிடம் காட்டியபோது, "சரி, சரி" என்று உள்ளே போய்விட்டார்.

படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தேன். தண்ணீரில் மட்டும் கோளாறு என்றால் கொதிக்கும். இப்படிக் கரும்புகை கக்காது. கரும்புகை என்றால் டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம். எரிக்கவும் காற்று வேண்டும், ரேடியேட்டரை ஆற்றவும் காற்று வேண்டும். இரண்டு இடத்திலும் காற்றை அடைப்பது எது?

இரவுக் குளிருக்காக ரேடியேட்டர்மேல் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்துவிட்டு எஞ்சினைக் கிளப்பி, ரேடியேட்டரின் முகத்தில் ஒரு தாளை வைத்துப் பார்த்தேன். உள்ளே சுற்றும் ஃபேன் அதை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ள வேண்டும். தாள் சரிந்து கீழே விழுந்தது. கையில் வேறு தாள் இல்லாததால் நான் வைத்தது துரையின் கடிதத்தைத்தான்.

எஞ்சினை நிறுத்தி, போல்ட்டுகளைக் கழற்றி, ரேடியேட்டரை வெளியே எடுத்தேன். தகடுகளுக்கு நடுவில் கம்பளி மாதிரி பழுப்பாக என்னவோ அடைந்திருந்தது. எஞ்சினுக்குக் காற்றை வடிகட்டும் சல்லடையைத் திறந்தால், அதன் எண்ணெய்க் கிண்ணத்தில் அதே பழுப்புச் சாமான் களியாகக் குழைந்து கிடந்தது. விரலில் எடுத்து மோந்தேன். தேயிலைப் பஞ்சு! தூள் சலிக்கும்போது பறக்கும் ரோமம். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்குப் புருவத்தில் இருக்கும், சோற்றில் இருக்கும். அதனால்தான் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

மழைக்காலம் தொடங்கும்வரை லொறிக்கு ரோட்டோரத்தில் ஒரு கொட்டகை இருந்தது. துரை புதுக் கார் வாங்கினார். கொட்டகை காருக்குப் போயிற்று. லொறியைத் தொழிற்சாலைக்குப் பின்னால், சலிக்கும் அறையின் காற்றாடி பஞ்சை வெளியே ஊதுகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். பெட்டி ஏற்றும்போதெல்லாம் அங்கேதான் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். பத்தாததற்கு, தினமும் விடிந்ததும் லொறியின் முகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேனே, அந்த ஈரப் பஞ்சை உள்ளே தள்ளியது என் கைதான். என்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

எல்லாவற்றையும் கழுவி மாட்டினேன். சுரண்டி எடுத்ததை ஒரு சாக்கில் கட்டித் துரையின் முன்னால் கொட்டினேன். அவர் குனிந்து மோந்து பார்த்துச் சிரித்தார். வெள்ளிக்கிழமை முழுப் பாரம் ஏற்றி, அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஹட்டன் போனேன். டிக்கோயா ஏற்றத்தில் புகை இல்லை, கொதிப்பு இல்லை, ஓரிடத்திலும் நிற்கவில்லை. தோட்டத்துக்குத் திரும்பியதும் துரை இறங்கினார்.

"குட். நாளைக்கு வேலைக்கு வா" என்றார்.

"பெரட்டுல கள்ளன்னு சொன்னீங்க, தொரை. பெரட்டுலயே இல்லேன்னு சொல்லுங்க."

"அது முடிஞ்சுது" என்று காரில் ஏறிப் போய்விட்டார்.

சனிக்கிழமை பெரட்டில் துரை அன்றைய வேலையை மட்டும் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். லொறி சரியாகிவிட்டது என்றுகூடச் சொல்லவில்லை. கொட்டகை காருக்கே இருந்தது, லொறி அந்தக் காற்றாடிக்கு முன்னாலேயே நின்றது. ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றினார்கள். டீசல் பீப்பாய்க்கு ஒரு பூட்டுப் போட்டு, நான் ஊற்றும்போது பக்கத்தில் நின்று பார்க்க ஓர் ஆளை வைத்தார்கள். என் மனைவியின் கூடப்பிறந்த தம்பியை.

"நான் என்ன மச்சான் செய்ய? தொரை உத்தரவு" என்றான்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. டீசல் கேனை அவன் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

"நல்லா மோந்து பாருடா. மண்ணெண்ணெய் வாடை வருதான்னு பாரு."

வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று நினைத்தேன்.

அவன் குனிந்து மோந்து பார்த்தான்.