ஆணி போட்ட இரட்டை முடிச்சு

என் மருமகனை எல்லோரும் ஆணி என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுடைய அண்ணன் படகில் தூண்டில் போட வருகிறவர்களுக்கு முடிச்சுப் போடுவது அவன் வேலை. இறகால் செய்த பூச்சியைச் சுழற்றி வீசுகிற தூண்டில் அது. கயிறு தடிமன், நுனியில் கட்டும் நைலான் நரம்பு மெல்லிசு. கயிற்றோடு ஓர் ஆணியைச் சேர்த்துப் பிடித்து, நரம்பைச் சுற்றி, ஆணியை உருவிவிட்டு இறுக்குவான். பேர் அப்படி வந்தது.

அந்த முடிச்சில் இரண்டு முரட்டு மீன்கள் போய்விட்டன. முடிச்சு அவிழவில்லை, கயிற்றின் மேல்பூச்சு பாம்புச் சட்டையாக உரிந்து அதோடு போயிற்று.

"இன்னொரு மீன் போச்சுன்னா நீ கரையிலேயே கிட" என்றான் அண்ணன்.

ஆணி இரண்டு நாள் சாப்பாட்டு மேசையை விட்டு நகரவில்லை. கயிற்று நுனியை மடித்துக் காது வைத்து, மடிப்பின் மேல் இரண்டு இடத்தில் துண்டு நரம்பால் முடிச்சுப் போட்டான். நுனி நரம்பை அந்தக் காதில் கோத்தான்.

காலையில் படகடியில் அண்ணன் அதைத் தூக்கிப் பார்த்தான். "என்னடா இது, புள்ளத்தாச்சிப் பாம்பு? தூண்டில் கோல் வளையத்துல மாட்டும்."

"மாட்டாதுண்ணே. இழுத்துப் பாரு."

அண்ணன் இழுக்கவில்லை, கத்தியால் அறுத்தான். ஆணி கத்தியைப் பிடுங்கப் போக, விழுந்த அறையில் உதடு கிழிந்தது. அவன் சும்மா விடுவானா? தலையால் அண்ணன் மூக்கில் முட்டினான். சோறு கொண்டுபோன நான் துடுப்பை எடுத்து நடுவில் போட்டேன் ஒன்று. யார் முதுகில் பட்டது என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

ஆணி மறுபடியும் கட்டினான். இறுக்கும்போது எச்சில் தடவ வேண்டும். காய்ந்த நரம்பு உரசிச் சூடேறினால் கெட்டுவிடும். அவன் வாயில் இருந்தது ரத்தம். அதைத்தான் துப்பி இறுக்கினான்.

இருவரும் ஏறிய படகு கூப்பிடு தூரம்கூடப் போகவில்லை. வந்தவர் வீசிய பூச்சியை மீன் கவ்வி ஓடியது. காலடியில் சுருண்டு கிடந்த கயிறு எகிறி அண்ணனின் மூன்று விரலைச் சுற்றி இறுக்கியது. மீன் இழுக்க இழுக்க எலும்பு தெரிந்தது. முடிச்சு அசையவில்லை, பாவி முடிச்சு!

"அறுடா! அறுத்து விடுடா!"

ஆணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கயிற்றை அறுத்தான். மீன் முடிச்சோடு போயிற்று.

கட்டுப் போட்ட கையோடு வந்த அண்ணன், "மீன் போச்சு. சொன்னது சொன்னதுதான்" என்றான்.

"சரிப்பா, அந்தக் கையால நீயே முடிச்சுப் போடு. நான் உக்காந்து பாக்கறேன்" என்று நரம்பை அவன் மடியில் போட்டேன்.

அவன் அதை என் பக்கமே தள்ளிவிட்டான். "அந்தப் புள்ளத்தாச்சி முடிச்சையே போடச் சொல்லுங்க அத்தை" என்றான்.

மறுநாள் படகு ஆணியோடு போனது. கரையில் கிடந்தது அண்ணன்.