வயருக்கு ஒரு காக்கிச் சட்டை

மொபைல் ரிப்பேர் பண்றவங்க காதுல நாள் முழுக்க விழுற வசனம் ஒண்ணே ஒண்ணுதான்: "நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க இருந்துச்சு." வீட்ல எட்டு சாமான், மூணு சார்ஜர், அதுலயும் ஒண்ணு யாரோ விருந்தாளி மறந்து வெச்சிட்டுப் போனதுன்னு குடும்பம் நடத்துற புண்ணியவான்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். எங்க வீட்லயும் அதே கதைதான்.

மும்பை தாராவியில, நைன்ட்டி ஃபீட் ரோட்டுல ஒரு தையல் கடை. அதுல முக்கால்வாசி பால்துரை அண்ணாச்சியோடது. ரெண்டு மிஷின், தரையிலேருந்து கூரை வரைக்கும் ஸ்கூல் யூனிஃபார்ம் துணி. வாசல் ஓரமா கிடக்கிற மூணடி ரிப்பேர் டேபிள் மட்டும் என்னோடது. ரெண்டு பேருக்கும் சாத்தான்குளம் பக்கம், இங்கேயும் ஒரே சர்ச், அதனால கிடைச்ச இடம். என் வீடு ஒத்தை ரூம். மாமியார், வீட்டுக்காரர், ரெண்டு பிள்ளைங்க போக மிச்சமிருக்கிற தரையில ஒரு ஸ்க்ரூ விழுந்தா, அப்புறம் சோத்துலதான் அது கிடைக்கும். இந்த மூணடி போச்சுன்னா என் தொழிலும் போச்சு. அதை மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

உப்பிப் போன பவர் பேங்க்

மாஹிம்லேருந்து ஒரு டாக்ஸிக்காரர் வந்தார். கையில ஒரு பவர் பேங்க், எண்ணெய்ச் சட்டியிலேருந்து அப்பத்தான் எடுத்த பூரி மாதிரி உப்பியிருக்கு. வண்டியில வெயில்லயே போட்டு, ரெண்டு போனை ஒண்ணா மாட்டி, அதையும் சார்ஜ்ல போட்டு ஓட்டியிருக்கார் மனுசன். நேரா வந்து அண்ணாச்சி வெட்டி அடுக்கி வெச்சிருந்த ஸ்கூல் பிள்ளைங்க பினோஃபார்ம் துணி மேல அதை வெச்சிட்டு, "தீதி, ஒரு ஊசி இருந்தா குத்தி காத்தை எடுத்து விடுங்க"ன்னு இந்தியில கேட்டார். எனக்கு உயிரே போச்சு! தையல் கடையில ஊசிக்கா பஞ்சம்? அவரே எட்டி ஒரு குண்டூசியை எடுத்துட்டார்.

"அரே பையா, ருக்கோ, நில்லுங்க!"ன்னு நான் போட்ட சத்தத்துல எதிர் கடை பாவ் பாஜிக்காரர் கரண்டியைக் கீழ போட்டுட்டார். உப்பின பேட்டரியைக் குத்தினா தீப்பிடிக்கும், சார்ஜ் போட்டாலும் ஆபத்துதான்னு சொல்லி, அதை அலுங்காம எடுத்து மண்ணு நிரப்பின டப்பாவுல வெச்சு, பழைய பேட்டரி வாங்குற இடத்துக்கு அனுப்பினேன். தீப்பிடிக்கும்ங்கிற ஒரு வார்த்தை மட்டும் அண்ணாச்சி காதுல பளிச்சுன்னு விழுந்திருக்கு. மிஷினை நிறுத்திட்டு எழுந்து வந்தார். "ஏட்டி கிரேஸு, நல்லா கேட்டுக்க. இந்தக் கடையில ஒரு பொட்டு புகை வந்துச்சுன்னு வையி, அன்னைக்கே நீ டேபிளைத் தூக்கிட்டுக் கிளம்பிரணும்!"

பாதி தாடி மாப்பிள்ளை

அன்னையிலேருந்து என் டேபிளுக்கு யார் வந்தாலும் அண்ணாச்சி மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடிக்க ஆரம்பிச்சிட்டார். அந்த நேரம் பார்த்து ஒருத்தன் மூஞ்சியில துண்டைச் சுத்திக்கிட்டு ஓடி வர்றான். பக்கத்துச் சந்து அந்தோணி. துண்டை எடுத்தா இடது கன்னம் மொழுமொழுன்னு இருக்கு, வலது கன்னத்துல காடு. பாதியில ட்ரிம்மர் நின்னு போச்சாம். அண்ணனோட லேப்டாப் சார்ஜர்ல மாட்டியிருக்கான், ரெண்டு பக்கமும் சின்ன டைப்-சி வாய் இருக்கிற புது வயர் போட்டு. ஒரு மணி நேரமா லைட்டு கூட எரியலை. "இவ்ளோ பெரிய சார்ஜர்லயே ஏறலைன்னா ட்ரிம்மர் செத்துப்போச்சாக்கா?"ன்னு அழாத குறை.

ஒண்ணும் சாகலைடா. பெரிய சார்ஜர் ரொம்ப மரியாதைக்காரன். சாமான் 'நான் இருக்கேன், கரண்ட் குடு'ன்னு கேட்டாத்தான் குடுப்பான். மலிவான ட்ரிம்மர்ல அப்படிக் கேக்குற சின்ன பாகத்தை வெக்கிறதே இல்லை. பழைய அகல வாய் யூஎஸ்பி சார்ஜர் கேக்காமலே குடுத்துருவான். என் பழைய சார்ஜரை எடுத்து, அகல வாய் வயரைப் போட்டேன், சிவப்பு லைட்டு டக்குன்னு எரிஞ்சுது. அந்தோணி என் டேபிளைக் கட்டிப் பிடிச்சிட்டான். அன்னைக்கு அவனுக்கு நிச்சயதார்த்தம்னு அப்பத்தான் சொல்றான். "அக்கா, பத்து நிமிசத்துல ஏறிருமா? பொண்ணு வீட்ல எல்லாரும் நெருள்ல ட்ரெயின் ஏறிட்டாங்களாம்!"

மாட்டுங்கா மாமியோட நியாயம்

மாட்டுங்காவுலேருந்து ஒரு மாமாவும் மாமியும், மாமாவோட பேன்ட்டைச் சுருக்க அண்ணாச்சிகிட்ட வந்தாங்க. பேன்ட் அளவு எடுத்து முடியறதுக்குள்ள மாமா என் பக்கம் திரும்பிட்டார். ரிடையர் ஆன ஆபீஸ்காரர். ஒவ்வொரு சார்ஜரையும் ஒவ்வொரு துணிப்பையில போட்டு, பேர் எழுதி வெச்சிருக்கிற ஜாதி. "ஏம்மா, என் லேப்டாப் சார்ஜர்ல இவ காதுல மாட்டிக்கற இயர்பட்ஸ் டப்பாவைப் போடறா. அறுபத்தஞ்சு வாட்! வெடிக்காதோ?"ன்னு கேட்டார். நல்ல சார்ஜரா, கிழியாத வயரா இருந்தா தாராளமாப் போடலாம் மாமா, சாமான் எவ்வளவு கேக்குதோ அவ்வளவுதான் அது குடுக்கும்னு சொன்னேன். மாமி மூஞ்சியைப் பார்க்கணுமே! பரீட்சையில முதல் ரேங்க் வாங்கின களை.

அந்தக் களை ரெண்டு நிமிசம்தான். ஹேண்ட்பேக்லேருந்து ஒரு எமர்ஜென்சி லைட்டை மெதுவா வெளிய எடுத்தாங்க. வைஃபை டப்பாவோட உருண்டை முனை அடாப்டரை இதுல சொருகியிருக்காங்க. லைட்டு ஒரு தடவை பிரமாதமா எரிஞ்சுதாம், அப்புறம் எரியவே இல்லையாம். உருண்டை முனையை மட்டும் மாத்தி மாத்திப் போடவே கூடாது மாமி, ஓட்டை ஒண்ணா இருக்கும், வோல்ட் வேறயா இருக்கும், சிலதுல ப்ளஸ் மைனஸே தலைகீழா இருக்கும், அடியில பொடி எழுத்துல போட்டிருக்கும் பாருங்கன்னு சொன்னேன். மாமா இந்தத் தருணத்துக்காகவே வாழ்ந்த மாதிரி, "பார்த்தியா, பார்த்தியா"ன்னு குதிச்சார், இடுப்புல குண்டூசி குத்தின பேன்ட்டோட. மாமி அசரலை. "முப்பத்தஞ்சு வருஷமா நான் இவரோடயே ஒத்துப் போயிண்டிருக்கேன், கேவலம் ஒரு வயர் ஒத்துப் போகாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நெயில் பாலிஷ்

மாமிக்காக நான் ஒரு வேலை பண்ணினேன். அவங்க அப்புறம் வாங்கிட்டு வந்த புது லைட்டு, அதோட அடாப்டர், ரெண்டுலயும் சிவப்பு நெயில் பாலிஷ்ல ஒரு பொட்டு. வைஃபை டப்பாவுக்கும் அதோட அடாப்டருக்கும் பச்சை. சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை, பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடி தேட வேண்டாம். எனக்கே என்னை நினைச்சுப் பெருமையா இருந்துச்சு. சந்து முழுக்க எல்லார் வீட்டு அடாப்டருக்கும் பொட்டு வெச்சேன்.

அங்கதான் வினை. எதுக்குப் பொட்டுங்கிறதை விட்டுட்டு, கிரேஸ் பொட்டு வெச்சா வெடிக்காதுன்னு மட்டும் சேதி பரவிருச்சு. சர்ச்சுல பின்வரிசையில உக்காந்து பேசிக்கிறாங்களாம். சார்ஜரே இல்லாம வெறும் டேபிள் ஃபேனைத் தூக்கிட்டு வந்தாங்க ஒரு அம்மா. நான் தலையில கை வெச்சு உக்காந்திருக்கேன், அண்ணாச்சி வாயில நூலை வெச்சுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார். கடைசியா வந்தது மேல் வீட்டு சந்திரா. "அக்கா, எங்க மிக்ஸிக்கும் ஒண்ணு வெச்சு விடுங்க, அது கிடந்து பேயாட்டம் ஆடுது!"

அண்ணாச்சியின் கைவண்ணம்

இப்போ அண்ணாச்சிக்கும் ஆசை வந்துருச்சு. அவர் மிஷின்ல ஊசிக்கு மேல ஒட்டுற சின்ன லைட்டு ஒண்ணு இருக்கு, சார்ஜர்ல மாட்டுறது. அதோட வயர் முனைகிட்ட கிழிஞ்சு உள்ள செம்புக் கம்பி பல்லைக் காட்டிட்டு நின்னுச்சு. தூக்கிப் போடுங்க, நான் புதுசு தர்றேன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். ஒரு நாள் காலையில வந்து பார்க்கிறேன், அந்த வயருக்குக் காக்கித் துணியில நீளமா ஒரு சட்டை! ஓரம் பிரியாம ஓவர்லாக் போட்டு, முனையில குஞ்சம் மாதிரி மடிச்சு, சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு அழகு. யூனிஃபார்ம் வாங்க வந்த அம்மாமாரெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. அண்ணாச்சி அவங்க வயருக்கும் வெட்டுத் துணியில சட்டை தச்சுக் குடுக்க ஆரம்பிச்சிட்டார்.

அண்ணாச்சி, உள்ள கம்பி அம்மணமாத்தானே கிடக்கு, மேல சட்டை போட்டா கிழிசல் ஆறிருமா? ஒரு கம்பி இன்னொண்ணை உரசினா சூடாகும், துணி கருகும். அதோட நீங்க மாட்டியிருக்கிறது பேரும் ஊரும் இல்லாத சார்ஜர், சூடானாலும் தானா நிக்கத் தெரியாதுன்னு கத்தினேன். மத்தவங்க வயரையெல்லாம் வாங்கிப் பார்த்து, கிழிஞ்சதைக் கையோட வெட்டிக் குப்பையில போட்டேன். அவரோடதை மட்டும் தொட விடலை. "நீ போனை மட்டும் பாரு. கிழிஞ்சா என்ன செய்யணும்னு ஒரு தையக்காரனுக்கே சொல்லித் தராதட்டி!"

புகை

ஸ்கூல் திறக்க ஒரே நாள்தான் பாக்கி. வெளிய மழை, உள்ள பத்து பதினஞ்சு பெத்தவங்க, ஆளுக்கு ஒரு பிள்ளை, ஒரே கூச்சல். நான் ஒரு போனைத் திறந்து வெச்சு உக்காந்திருக்கேன். திடீர்னு கருகல் வாடை. அவ்வளவுதான், கடையில இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்புச்சு. அண்ணாச்சி நிமிர்ந்து கூடப் பார்க்கலை, தச்சுக்கிட்டே, "கிரேஸு, டேபிளைத் தூக்கு"ன்னார்.

டேபிள்ல இருக்கிற சாமானை ஒவ்வொண்ணாத் தொட்டுப் பார்க்கிறேன். எல்லாம் ஜில்லுன்னு கிடக்கு, ஒண்ணு கூட ப்ளக்ல இல்லை. என் மூணடி போகுதேன்னு கண்ணுல தண்ணி வந்துருச்சு, நிஜமாத்தான். அப்பத்தான் ஒரு குட்டிப் பொண்ணு அண்ணாச்சி காலடியைக் காட்டி, "அங்கிள், தேக்கோ, பாருங்க, உங்க மிஷின் பீடி குடிக்குது"ன்னா. காக்கிச் சட்டைக்குள்ளேருந்து புகை, பினோஃபார்ம் அடுக்குக்கு ஒரு சாண் தள்ளி! ஒரு அம்மா பாட்டில் தண்ணியோட ஓடி வந்தாங்க. "கரண்ட் இருக்கு, ஊத்தாதீங்க!"ன்னு கத்திக்கிட்டே பாய்ஞ்சு போய் சுவத்து சுவிட்சை அணைச்சு, சார்ஜரைப் பிடுங்கினேன். அப்புறம் மர ஸ்கேலால அதை லைட்டோட நெம்பிக் கீழ இறக்கி, தள்ளித் தள்ளி, மழைத் தண்ணி ஓடுற ரோட்டுல கொண்டு போய் விட்டேன். அது 'புஸ்ஸ்'னு ஒரு பெருமூச்சு விட்டுச்சு.

இப்போ எல்லாத் தலையும் அண்ணாச்சி பக்கம். கழுத்துல தொங்குற டேப்பை ஒரு தரம் தடவினார். ஒவ்வொரு பினோஃபார்மையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒண்ணுலயும் கருகல் இல்லை. என்னைப் பார்க்கலை. குடையை எடுத்தார், செருப்பை மாட்டினார், மழைக்குள்ள ஒரு காலை வெச்சுட்டுத் திரும்பினார். "புகை விட்டவங்க கிளம்பணும், அதானே பேச்சு? இந்தா, நான் கிளம்பிட்டேன். ஒரு அரை கிளாஸ் கட்டிங் சாயா குடிச்சிட்டு வந்துருதேன், அதுவரைக்கும் என் மிஷினையும் பாத்துக்கட்டி!"

ஆக மக்களே, என் மூணடி பத்திரமா இருக்கு, அண்ணாச்சியும் திரும்பி வந்துட்டார், இனி உங்க வீட்ல சட்டை போட்ட வயர் ஏதாவது இருந்தா அதை மட்டும் தயவு பண்ணி நிரந்தரமாக் கிளம்பச் சொல்லுங்க.